ஐந்து ஆறு, ஒரு சைக்கிள்: டெல்டாவை ஒரே நாளில் சுற்றலாமா?

நெதர்லாந்தின் கிராமப்புறங்களில் சைக்கிள் சுற்றுலா போவது சுலபம். பாதைகள் சந்திக்கும் இடமெல்லாம் எண் போட்ட பலகை இருக்கும். எண்களைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு கிளம்பினால் போதும். தஞ்சாவூர்ப் பக்கம் அப்படிப் பலகை கிடையாது. ஆனால் ஆற்றங்கரைகள் இருக்கின்றன. கரையைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு வழி தவறாது. தவறினாலும் டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம்.

தஞ்சாவூரிலிருந்து விடியற்காலை கிளம்பி திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை போய்த் திரும்பினால் 90 கிலோமீட்டருக்கு மேல் வரும். பழக்கமில்லாதவர்கள் திருவையாற்றோடு திரும்பிவிடலாம். அதுவே குறைந்த தூரமில்லை.

கரந்தையைத் தாண்டும்போது முதலில் வடவாறு. பிறகு பள்ளியக்ரஹாரத்தில் வெண்ணாறு, அடுத்து வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகத் திருவையாற்றில் காவிரி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஐந்து பாலம். பஸ்ஸில் போகிறவர்கள் இதை எண்ணுவதே இல்லை. சைக்கிளில் போனால் கால்களே எண்ணிவிடும், ஏனென்றால் இந்தத் தட்டை நிலத்தில் ஏற்றம் என்று இருப்பதே பாலங்களும் கரைகளும்தான். பல இடங்களில் கரைமேல் நின்று பார்த்தால் வயல் கீழே இருக்கும். ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டித் தன் பாதையைத் தானே உயர்த்திக்கொண்ட நிலம் இது. அதனால்தான் மதகைத் திறந்தால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்குகிறது. அதனால்தான் கரை உடைந்தால் ஊரே முழுகுகிறது.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதி காவிரிக் கரையிலேயே இருக்கிறது. அங்கே கொஞ்சம் இளைப்பாறி மேற்கே திரும்பினால் திருக்காட்டுப்பள்ளி. குடமுருட்டி காவிரியிலிருந்து பிரிவது அங்கேதான்.

கல்லணைக்குப் போனால் கணக்கு முழுசாகப் புரியும். வருகிற தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காக அங்கே பிரிக்கப்படுகிறது. கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ளத்துக்கான வடிகால். வெட்டாறும் வடவாறும் வெண்ணாற்றின் பிள்ளைகள். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் பழைய அணையைப் பார்த்து வியந்துதான் ஆர்தர் காட்டன் 1830-களில் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். ஊர்க்காரர்கள் 'புது ஆறு' என்று சொல்லும் கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணை திறக்கப்பட்ட 1934-ஐ ஒட்டி வந்தது. பழைய பாசனம் எட்டாத தெற்குப் பகுதிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. பெரிய கோயில் அருகே ஓடுவதும் இதுதான். திரும்பும்போது இதன் போக்கைப் பார்த்தே பூதலூர்ப் பக்கமாக நகரத்துக்கு வந்துவிடலாம்.

எந்த மாதம் போகலாம்?

இங்கே மலைக்குப் பதில் காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று முகத்தில் அறையும். அதனால் கல்லணை நோக்கிப் போவதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்; பிற்பகலில் அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். நாற்று நடுவதைப் பார்க்கவும் அதுவே நேரம், தண்ணீர் வந்திருந்தால். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும். 2024-இல் ஜூலைக் கடைசியில்தான் திறந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டேதான் மிதிக்க வேண்டும். "மேட்டூர்ல எத்தன அடி?" என்பது இந்த ஊர்களில் குசலம் விசாரிப்பது மாதிரி. வெளியூர்க்காரர் சைக்கிளை நிறுத்தினாலும் இந்தக் கேள்வி வரும், பதில் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. "கடைமடைக்கு வந்து சேரணுமே" என்று அடுத்த பேச்சு நாகப்பட்டினம் வரைக்கும் போய்விடும்.

தை, மாசியில் போனால் வெயில் தொல்லை குறைவு. ஆனால் சம்பா அறுவடை நடக்கும் நேரம். தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருக்கும். அரசுக் கொள்முதல் நிலையத்தில் பொதுவாக ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நெல்லை எடுப்பார்கள். பனி விழும் காலத்தில் அந்த அளவுக்குக் காயவைக்க வேறு இடம் இல்லை. அதனால் நெல்மேல் சைக்கிளை ஏற்றக் கூடாது. எதிரே பஸ் வந்தால் இறங்கி நின்று, அது போனபிறகு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.