மார்கழி வேலியில் விளையும் மணிகள்

மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் கம்பம் பள்ளத்தாக்கின் வேலிப்புதர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இலை உதிர்ந்த குண்டுமணிக் கொடியில் நெற்றுகள் வெடித்து முறுக்கிக்கொண்டிருக்கும். விதைகள் கீழே விழாமல் தோட்டிலேயே ஒட்டியிருக்கும். செக்கச்சிவந்த உடல், முனையில் ஒரு கறுப்புப் பொட்டு. சதையே இல்லாத விதையைப் பழமென்று பறவைகளை நம்பவைக்கத்தான் இந்த நிறம் என்பது தாவரவியலாளர் பலரின் கருத்து.

நகைக்கும் இந்த விதைக்கும் உறவு பழையது. குன்றி என்பதும் இந்தக் குண்டுமணிதான்: இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த நகைகளின் எடையைக் கல்வெட்டுகள் இந்தக் கணக்கில்தான் சொல்கின்றன. வீட்டில் குண்டுமணித் தங்கம்கூட இல்லை என்று இன்றும் பேசுகிறோம். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணும் இதுதான்.

இத்தனை அழகைப் பார்த்தால் கோத்துக் கழுத்தில் போடத்தான் தோன்றும். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். குண்டுமணியின் பருப்பில் அப்ரின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. உயிரணுக்கள் புரதம் செய்யும் வேலையையே அது நிறுத்திவிடும். முழு விதையின் ஓடு கெட்டியானது. நஞ்சைப் பெரும்பாலும் உள்ளேயே அடைத்து வைத்திருக்கும். மணியாக்க ஊசியோ துளைக்கருவியோ இறங்கியதும் அந்தக் காவல் போய்விடுகிறது. பறக்கும் தூள் மூச்சில் ஏறும். குழந்தை அந்த மாலையைக் கடித்தால் ஆபத்து இன்னும் பெரிது. 2011இல் இங்கிலாந்தின் ஈடன் ப்ராஜெக்ட் என்ற தாவரப் பூங்கா, தான் விற்ற குண்டுமணிக் கைச்சங்கிலிகளைத் திரும்பப் பெற்றது இதனால்தான்.

விதைநகை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஆனைக்குண்டுமணி என்னும் மஞ்சாடி மரத்தின் விதை முழுச் சிவப்பு, பொட்டு இல்லாதது. கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியை எட்டினால் கேரளம். அங்கே குருவாயூர் கோயிலில் குழந்தைகள் உருளியில் கைவிட்டு அளைவது இந்த மஞ்சாடியைத்தான். நீர் புகாத இதன் ஓடு நெடுங்காலம் நிறம் மங்காது. மெல்லிய துளைமுனையால் மெதுவாகத் துளைக்க வேண்டும், முகக்கவசம் அணிந்துகொண்டு. இதையும் பச்சையாகத் தின்னக் கூடாது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது காட்டுக்குண்டுமணி. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இது கொடியல்ல, ஈரக்கரைகளில் வளரும் ஒரு புல். சாம்பலும் வெண்மையும் கலந்த பளபளப்பான மணி. பூங்காம்பு மணிக்குள் புகுந்து வெளியே வருவதால், காய்ந்த காம்பை இழுத்தால் போதும், நூல் கோக்கத் துளை தயார்! நாகாலாந்திலும் மியான்மரின் கரேன் மக்களிடமும் இந்த மணி உடையிலும் அணியிலும் ஏறியிருக்கிறது.

குண்டுமணியின் அழகையும் விட்டுவிட வேண்டியதில்லை. அந்தச் சிவப்பையும் கறுப்புப் பொட்டையும் சுடுமண் மணியில் தீட்டுங்கள்; தோடாகவும் ஆரமாகவும் அது எடுப்பாகவே இருக்கும். நெற்றின் முறுக்கைக் கம்பியில் வளைத்துப் பாருங்கள். நகை வகுப்பு நடத்துகிறவர்களும் மகளிர் குழுக்களும் ஒன்றை மட்டும் உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்: குண்டுமணியைத் துளைக்கவே வேண்டாம். குழந்தை அதை மென்றுவிட்டால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தெரியலாம். அப்ரினுக்கு மாற்று மருந்து கிடையாது.