கடைசி 95 மீட்டருக்குக் காப்புறுதி உண்டா?

டிசம்பர் விடுமுறை நெருங்குகிறது. உங்களில் சிலர் பள்ளிக் குழுவோடு சாபா சென்று கினபாலு மலையில் ஏறப் போகிறீர்கள். சிலர் குடும்பத்தோடு தியோமான் தீவுக்குப் போய் முக்குளிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள். நேப்பாளத்தில் மலைநடைப் பயணம் செய்யும் மாணவர்களும் உண்டு. காலணி, குளிராடை, தலைவிளக்கு எல்லாவற்றையும் கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்து வாங்குவோம். பயணக் காப்புறுதியை மட்டும் கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில், விலை குறைந்தது எதுவோ அதைத் தேர்ந்தெடுத்து வாங்கிவிடுவோம்.

அந்தக் காப்புறுதி ஒப்பந்தத்தை இந்த வாரம் அறிவியல் பாடமாகப் படித்துப் பார்ப்போம். அலுப்பூட்டும் சட்ட மொழிக்கு நடுவே ‘மீட்டர்’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். மலையேற்றத்துக்கு ஓர் எண் இருக்கும், முக்குளிப்புக்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைத் தாண்டிய பிறகு உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் நிறுவனம் பணம் தராது.

மலையேற்ற எண் திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஒன்று 3,000 மீட்டர் வரை என்னும். இன்னொன்று 4,000 என்னும். கூடுதல் கட்டணம் செலுத்தினால் 5,000, 6,000 என்று போகும். கினபாலுவின் உச்சி 4,095 மீட்டர். 4,000 மீட்டர் வரம்புள்ள திட்டத்தோடு போனால், எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் கடைசி 95 மீட்டரில் உங்களுக்குக் காப்பு இல்லை. 3,000 மீட்டர் வரம்பென்றால், முதல் நாள் இரவு படுத்துறங்கும் பனாலபான் விடுதியே வரம்புக்கு வெளியே. அது சுமார் 3,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஏன் உயரத்தை வைத்துக் கோடு போடுகிறார்கள்?

மேலே போனால் காற்றில் பிராணவாயுவின் சதவீதம் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தேர்விலும் அப்படி எழுதுகிறார்கள். அது தவறு. கடற்கரையிலும் 21 சதவீதம்தான், கினபாலு உச்சியிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கல். அதில் பிராணவாயுவின் பங்கு சுமார் 21 கிலோபாஸ்கல். கினபாலு உச்சியில் மொத்த அழுத்தமே சுமார் 61 கிலோபாஸ்கல்தான், பிராணவாயுவின் பங்கு 13-க்கு இறங்கிவிடுகிறது. நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் பிராணவாயுவைத் தள்ளுவது இந்த அழுத்தம்தான். 5,364 மீட்டர் உயரத்தில் உள்ள எவரெஸ்ட் அடிவார முகாமில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய பாதி.

உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அவகாசம் வேண்டும். மூச்சும் இதயத் துடிப்பும் உடனே வேகமெடுக்கும். சிவப்பணுக்கள் போதிய அளவு பெருக வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்று மலை மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்றான புக்கிட் தீமா 164 மீட்டர். அங்கே பயிற்சி செய்துவிட்டு, 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாயிலிலிருந்து நடக்கத் தொடங்கி, அன்றிரவே 3,270 மீட்டரில் தூங்கி, விடிவதற்குள் 4,095 மீட்டரில் நிற்கிறோம். படிக்கட்டு ஏறிப் பழகியது கால்களுக்கு உதவும். காற்றழுத்தத்துக்கு அது உதவாது. பள்ளியின் நெடுந்தூர ஓட்ட வீரருக்கும் தலைவலி வரலாம், ஓடவே பிடிக்காத அவருடைய நண்பர் நலமாக இருக்கலாம்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அளவுக்கு மீறிய களைப்பு ஆகியவை உயர மலை நோயின் முதல் அறிகுறிகள். அதையும் மீறி ஏறினால், சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்கும் அல்லது மூளை வீங்கும். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. இவற்றுக்கு முதல் சிகிச்சை கீழே இறங்குவது. மருந்தும் பிராணவாயுக் கலனும் அதற்கு அடுத்த இடத்தில்தான். “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று தலைவலியை ஆசிரியரிடம் மறைக்கும் மாணவரைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். எந்தக் காப்புறுதியும் அவரைக் கீழே இறக்காது.

இப்போது காப்புறுதி நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். 1,000 பேர் ஆளுக்கு 50 வெள்ளி கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50,000 வெள்ளி. இவர்களில் பெரும்பாலோர் ஊர் சுற்றிப் பார்ப்பவர்கள், தொலைந்த பெட்டிக்கும் வயிற்றுப்போக்குக்கும் இழப்பீடு கேட்பவர்கள். அவர்களில் ஒருவரை ஹெலிகாப்டரில் இறக்கி, மருத்துவமனையில் சேர்த்து, மருத்துவர் துணையோடு விமானத்தில் ஊருக்குக் கொண்டுவர நேர்ந்தால் அந்த நிதியில் பெரும்பகுதி காலி. ஆபத்து கூடிய சிலரை விலக்க வேண்டும், அல்லது அவர்களிடம் கூடுதலாக வாங்க வேண்டும். உயர வரம்பு என்பது உடலியலும் நிகழ்தகவுக் கணக்கும் சந்திக்கும் இடம்.

ஹெலிகாப்டருக்கு ஏன் அவ்வளவு செலவு என்பதற்கும் அறிவியலில் பாதிப் பதில் இருக்கிறது. அதன் விசிறி காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே எழும்புகிறது. காற்று அடர்த்தி குறைந்தால் தள்ளுவதற்கு ஆளில்லை. 2005ஆம் ஆண்டு ஒரு ஹெலிகாப்டர் எவரெஸ்ட் உச்சியிலேயே இறங்கிச் சாதனை படைத்தது உண்மைதான். ஆனால் அது ஒருவர் மட்டும் ஓட்டிச் சென்ற, எடை குறைக்கப்பட்ட ஹெலிகாப்டர். நோயாளியை ஏற்றிக்கொண்டு மேகத்துக்குள் பறப்பது வேறு. கினபாலுவில் நடக்க முடியாதவரைப் பெரும்பாலும் தூக்குப் படுக்கையில் வைத்து மனிதர்கள்தான் சுமந்து இறங்குகிறார்கள். ஆகவே ‘அவசர மருத்துவ வெளியேற்றம்’ மட்டும் இருக்கிறதா, ‘தேடல், மீட்பு’ செலவும் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இவை இரண்டும் ஒன்றல்ல.

நேப்பாளத்தில் இதற்கு மறுபக்கமும் உண்டு. லேசான தலைவலிக்கே பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி, காப்புறுதி நிறுவனங்களிடம் பணம் பறித்த மோசடியை 2018இல் அந்நாட்டு அரசு விசாரித்தது. வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனங்கள் நேப்பாளப் பயணங்களுக்குக் காப்பு தருவதையே நிறுத்திவிடுவோம் என்று எச்சரித்தன. ஹெலிகாப்டரை அழைக்குமுன் நிறுவனத்தின் 24 மணிநேர உதவி எண்ணில் ஒப்புதல் பெற வேண்டும் என்று ஒப்பந்தங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கயிறும் வழிகாட்டியும்

உயரத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு வரி. “கயிறோ வழிகாட்டியோ தேவைப்படும் மலையேற்றத்துக்குக் காப்பு இல்லை” என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். பனிமலையில் கோடரியோடு ஏறுபவர்களை மனத்தில் வைத்து எழுதிய வரி அது. ஆனால் கினபாலுவில் வழிகாட்டி இல்லாமல் யாரையும் ஏறவிடமாட்டார்கள். மேற்பகுதிப் பாறைச் சரிவில் பிடித்துக்கொண்டு ஏறக் கயிறும் கட்டியிருக்கிறார்கள். அப்படியானால் கினபாலு அந்த விலக்கில் அடங்குமா? ஊகித்துக்கொண்டு உட்காராதீர்கள். மலையின் பெயரையும் உச்சியின் உயரத்தையும் எழுதி, காப்பு உண்டா இல்லையா என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் ஒருவர் “உண்டு, உண்டு” என்று சொன்னது பிறகு உதவாது.

கடலுக்கடியில்

தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு முழு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் உங்கள்மேல் இருப்பது 4 மடங்கு. பாயில் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: அழுத்தம் பாதியானால் கனஅளவு இரு மடங்காகும். 10 மீட்டர் ஆழத்தில் கலனிலிருந்து 4 லிட்டர் காற்றை இழுத்துவிட்டு, பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று 8 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும். ‘மூச்சை ஒருபோதும் அடக்காதே’ என்பது முக்குளிப்பின் முதல் விதியாக இருப்பது இதனால்தான்.

ஆழத்தில் இன்னொன்றும் நடக்கிறது. அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் அது குமிழிகளாகும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை அதன் விளைவுகள். சுமார் 30 மீட்டருக்குக் கீழே அதே நைட்ரஜன் போதையேறியதுபோல் புத்தியையும் மழுங்கச் செய்யும். தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரையும், அடுத்த நிலை 30 மீட்டர் வரையும் அனுமதிப்பதற்கும், காப்புறுதித் திட்டங்கள் பலவற்றில் 30 மீட்டர் என்ற எண் இருப்பதற்கும் இதுவே அடிப்படை. ஒப்பந்தத்தில் 30 என்று இருந்தாலும் உங்கள் சான்றிதழ் 18 என்றால், உங்கள் வரம்பு 18தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்கள் சான்றிதழ் பெற்ற பெரியவருடன்தான் இறங்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

குமிழி நோய் வந்தவரை உயரழுத்தக் கூடத்துக்குள் வைத்துச் சிகிச்சை தருவார்கள். எல்லாத் தீவிலும் அது கிடையாது. சாதாரண விமானத்தில் ஏற்றினால் உள்ளே அழுத்தம் குறைந்து குமிழிகள் மேலும் பெருகும். தாழப் பறந்தோ, உள்ளே கடல்மட்ட அழுத்தத்தைக் காத்தோதான் கொண்டுவர வேண்டும். செலவு பல்லாயிரம் வெள்ளி. மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது என்பதை வீட்டில் நினைவூட்டுங்கள்.

சாபா பயணத் திட்டங்களில் நான் பார்த்த ஒரு வரிசை: முதலில் செம்பொர்னாவில் முக்குளிப்பு, மறுநாள் மலை. இது தலைகீழ். ஒருமுறை முக்குளித்தால் 12 மணிநேரம், பலமுறை முக்குளித்தால் குறைந்தது 18 மணிநேரம் விமானம் ஏறக்கூடாது என்பது முக்குளிப்போரின் பொது விதி. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் மலையில் இருப்பதற்குச் சமம். பனாலபான் அதைவிட உயரம்! மலையை முடித்துவிட்டுக் கடலுக்குப் போங்கள், வீடு திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு முழு நாள் விடுங்கள். பாதுகாப்பு விதியை மீறியதால் வந்த கேடு என்றால், கோரிக்கையை நிராகரிக்க நிறுவனத்துக்குக் காரணமும் கிடைத்துவிடும்.

இன்னும் ஒன்று. விண்ணப்பத்தில் ஏற்கெனவே உள்ள நோய்களைக் கேட்டால் உண்மையை எழுதச் சொல்லுங்கள். ஆஸ்துமா இருப்பது தெரிந்தால் பயணத்திலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று மறைக்கும் பிள்ளைகள் உண்டு. குறுகிய மூச்சுக்குழாயில் காற்று சிக்கினால், மேலே பார்த்த 4 லிட்டர், 8 லிட்டர் கணக்கு மூச்சை அடக்காதவருக்கும் பொருந்தும். மருத்துவரின் அனுமதிக் கடிதம் வாங்குவது சிரமம்தான். ஆனால் மறைத்த நோயால் வந்த விபத்துக்கு இழப்பீடு கேட்டுப் போராடுவது அதைவிடச் சிரமம். பள்ளி மொத்தமாக எடுத்த காப்புறுதி என்றால், அதன் உயர வரம்பு என்ன, பிள்ளைகளுக்கான தொகை பெரியவர்களுடையதைவிடக் குறைவா என்று பெற்றோர் விளக்கக் கூட்டத்திலேயே கேட்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம், ஏற்பாடு செய்யும் ஆசிரியருக்கும் அது உதவிதான்.

ஒப்பந்த எண்ணையும் 24 மணிநேர உதவி எண்ணையும் கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள். லித்தியம் மின்கலத்தின் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும். விடியுமுன் கினபாலு உச்சியில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும். 40 சதவீதம் காட்டிய கைப்பேசி அங்கே சட்டென அணைந்துபோகலாம். ஒரு சிறிய அட்டையில் பேனாவால் எழுதி, ஞெகிழி உறையில் போட்டு, மேல்சட்டையின் உட்பையில் வையுங்கள். உங்கள் இரத்த வகையையும் ஒவ்வாமை உள்ள மருந்துகளையும் அதன் பின்புறத்தில் எழுதிக்கொள்ள இடமிருக்கும்.