உங்களுக்குத் தெரியுமா? கேம் கார்டின் இரண்டாவது வேலை

● படத்தைப் பார்த்து ‘இது சிறுத்தை, இது காளான்’ என்று சொல்லும் 2012 இமேஜ்நெட் போட்டியில் மற்றவர்களை வெகுதூரம் பின்தள்ளிய அலெக்ஸ்நெட் என்ற நியூரல் நெட்வொர்க், சூப்பர் கம்ப்யூட்டரில் பிறந்ததல்ல. டொராண்டோ மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, பெற்றோர் வீட்டில் தன் படுக்கையறையில் வைத்திருந்த கம்ப்யூட்டரில் பிறந்தது. உள்ளே இருந்தவை கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் ஜிடிஎக்ஸ் 580 கார்டுகள் இரண்டு. 12 லட்சம் படங்களைக் கற்க ஐந்தாறு நாள் ஆனது. பிழை 15.3 சதவீதம், இரண்டாம் இடத்துக்கு 26.2.

● ஏன் இரண்டு கார்டு? ஒன்றின் மெமரி 3 ஜிபிதான். நெட்வொர்க் அதில் அடங்கவில்லை. பாதிப் பாதியாகப் பிரித்துப் போட்டார்கள். முதல் அடுக்கு எதைக் கற்றிருக்கிறது என்று பிறகு படமாக்கிப் பார்த்தால், ஒரு கார்டில் பெரும்பாலும் நிறமில்லாத கோடுகளும் விளிம்புகளும். மற்றதில் வண்ணத் திட்டுகள்! யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறை புதிதாகப் பயிற்றுவித்தபோதும் இதே பாகப்பிரிவினைதான். எந்தக் கார்டுக்கு எந்தப் பங்கு என்பது மட்டும் மாறும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

● சிபியு, எதையும் சமைக்கும் கைதேர்ந்த மாஸ்டர். கேம் கார்டில் இருக்கும் ஜிபியு, கல்யாணப் பந்திக்கு வெங்காயம் நறுக்க உட்கார்ந்த கூட்டம். 580 கார்டில் கோர்கள் 512. திரைப் புள்ளிகளுக்கும் நியூரல் நெட்வொர்க்குக்கும் வேண்டியது ஒரே மாதிரிப் பெருக்கலும் கூட்டலும்தானே!

● 2007-இல், கார்டில் நேரடியாகக் கணக்குப் போட வைக்கும் என்விடியாவின் கூடா மென்பொருள் வரும்வரை, கார்டை ஏமாற்றித்தான் வேலை வாங்கினார்கள். எண்களை நிறங்களாக எழுதி, ‘இதை வரை’ என்று கொடுத்து, வரைந்த படத்திலிருந்து விடையைப் படித்தெடுப்பார்கள். (பேர்தான் கூடா, எல்லாம் கூடிவந்தது அதன் பிறகுதான்.)

● கார்டு மட்டுமல்ல, கேம் பெட்டிக்கும் இரண்டாவது வேலை கிடைத்தது: அமெரிக்க விமானப்படை 2010-இல் 1,760 பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளைக் கோத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது.

● கேம் கார்டு எல்லாக் கணக்குக்கும் ஒத்துவராது. அறிவியல் கணக்குகள் பலவற்றுக்கு 64 பிட் துல்லியம் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4090 கேம் கார்டில் அந்தக் கணக்கின் வேகம், 32 பிட் வேகத்தில் 64-இல் ஒரு பங்குதான். கேமில் டிராகன் பறக்க அவ்வளவு துல்லியம் எதற்கு?

● 2017 இறுதியில் என்விடியா, தன் ஜிஃபோர்ஸ் கேம் கார்டு டிரைவரின் உரிம விதியில் ஒரு வரி சேர்த்தது: டேட்டா சென்டரில் பயன்படுத்தக் கூடாது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று, பிளாக்செயின்.