வத்தக்குழம்பில் வினிகர் ஊற்றலாமா?

ஊற்றலாம், குழம்பும் புளிக்கும். ஆனால் சாப்பிட உட்கார்ந்தவர்கள் தட்டைத் தள்ளி வைத்தால் அவர்கள்மீது கோபப்படக் கூடாது.

தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளிலும் ஆப்பிள் சைடர் வினிகர் இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. உடம்பு இளைக்கும் என்று நம்பி வாங்கி, நாலு நாள் குடித்து, நெடி தாங்காமல் அலமாரியில் ஒதுக்கப்பட்ட பாட்டில்தான் பெரும்பாலும் சமையலுக்கு வந்து சேர்கிறது. ஆப்பிள் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக்க, அதை ஒருவகை பாக்டீரியா காற்றின் துணையோடு அசிட்டிக் அமிலமாக மாற்றுவதால் கிடைப்பது இது. பாட்டிலில் இருப்பது ஏறக்குறைய 5 சதவீத அமிலம். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர்.

புளியின் புளிப்பு வேறு சாதி. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் ஆவியாகாது. குழம்பு சுண்டச் சுண்டத் தண்ணீர் மட்டும் போய், புளிப்பு திரண்டு நிற்கும். புளியிலுள்ள சர்க்கரையும் பெக்டினும் சேர்ந்து குழம்புக்குக் கெட்டித்தன்மை தரும். அசிட்டிக் அமிலமோ ஆவியோடு எழுந்து மூக்கில் ஏறும். கொதிக்கவிட்டே புளிப்பைப் போக்கிவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. அமிலத்தைவிடத் தண்ணீர்தான் வேகமாக வெளியேறுகிறது. முதலில் காணாமல் போவது ஆப்பிளின் மணம். நன்றாகக் கொதித்தபின் விலை உயர்ந்த பாட்டிலுக்கும் மலிவான வெள்ளை வினிகருக்கும் பெரிய வித்தியாசம் மிஞ்சாது. ஆகவே, சூடான பண்டத்தில் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பிறகு சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

அப்படிச் சேர்க்க இன்னொரு காரணமும் உண்டு. காய் வேகுமுன் புளியைக் கரைத்து ஊற்றினால் கத்தரிக்காய் விறைத்துக்கொள்ளும், பருப்பு மசியாது என்பது இங்கே எந்த அடுப்படியிலும் தெரிந்த சேதி. காயின் செல்களைப் பிடித்துவைத்திருப்பது பெக்டின். சூட்டில் அது உடைந்தால்தான் காய் குழையும். லேசான அமிலம் அந்த உடைதலை மந்தப்படுத்துகிறது. வினிகரும் இதையேதான் செய்யும்.

வினிகருக்கு நான் முழு மனதோடு இடம் கொடுப்பது வாழைத்தண்டு, வாழைப்பூ நறுக்கும்போது. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி பக்கம் வாழைக்கா பஞ்சம்? நறுக்கிய தண்டு கறுப்பது அதன் நொதி ஒன்று காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. அமிலத்தில் அந்த நொதி முடங்கும். மோரில் நறுக்கிப் போடுவது இதனால்தான். மோர் இல்லாத நாளில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் போதும், தண்டு வெள்ளையாகவே இருக்கும். ஆனால் வாழைப்பூவின் துவர்ப்பு விஷயத்தில் மோர்தான் கெட்டிக்காரி. பாலின் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்ளும். அந்த வித்தை வினிகருக்குத் தெரியாது. சின்ன வெங்காயத்தை ஊறவைக்கவும் வினிகர் நல்லது. கிருமிகளின் செல்லுக்குள் எளிதில் நுழையும் அமிலம் அது.

மூன்று வேளையும் சோறு தின்னும் ஊரில் இந்தப் பாட்டிலை விற்பது ‘சர்க்கரை குறையும்’ என்ற பேச்சும்தான். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது: மாவுச்சத்து உணவோடு வினிகர் சேர்ந்தால் சாப்பாட்டுக்குப் பின் ரத்தச் சர்க்கரை ஏறுவது கொஞ்சம் தணிகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டின. எடை குறையும் என்பது வேறு கதை. லெபனானில் 120 பேரிடம் நடத்திய ஆய்வு, 12 வாரத்தில் 6 முதல் 8 கிலோ வரை குறைந்ததாக 2024இல் சொன்னது, உலகமெங்கும் செய்தியானது. புள்ளிவிவரங்கள் நம்பத் தகுந்தவையல்ல என்று 2025இல் அதை வெளியிட்ட இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அந்தச் செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. வெறும் வயிற்றில் வினிகரை அப்படியே விழுங்குபவர்களின் பல் எனாமல் கரையும் என்பதும் அதேபோல அதிகம் பரவாத செய்திதான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்காததற்கு உள்ள காரணம் வினிகருக்கும் பொருந்தும்: அமிலம் செம்பைக் கரைத்துச் சாப்பாட்டில் சேர்க்கும். வினிகர் வெங்காயத்துக்குக் கண்ணாடி ஜாடியோ பீங்கான் ஜாடியோதான் சரி.