உற்றாரும் கைத்தொலைபேசியும்

கள்வனுக்கு அஞ்சிக் கதவைப் பூட்டுகின்றோம். ஆயின் கைத்தொலைபேசியைப் பொறுத்தவரை, வெளியே நிற்கும் கள்வனிலும் உள்ளே இருக்கும் உறவினர்க்கே வழி எளிது. நம் பிறந்த திகதியையும் நாம் துயிலும் வேளையையும் அறிந்தவர் அவரன்றோ? ஆகலின், அறிந்தவரிடமிருந்து அந்தரங்கத்தைக் காக்கும் முறையினை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

முதலாவது, பூட்டு. நான்கு இலக்கங்களால் அமையக்கூடிய இரகசிய எண்கள் 10,000; ஆறு இலக்கங்களால் 1,000,000. எனினும், பிறந்த திகதியையே எண்ணாக வைத்தால் இப்பெருக்கத்தாற் பயனில்லை. கோடிழுத்துத் திறக்கும் முறையோ அருகிருந்து ஒருமுறை கண்டவர் மனத்திலும் பதிந்துவிடும். கைரேகை வசதியானதே, ஆயினும் துயில்வோர் விரலைப் பிறர் எடுத்து வைப்பினும் கருவி திறக்கும். பிறர் கைரேகை அதிற் பதிந்துள்ளதோ எனவும் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, பூட்டிய திரையில் தோன்றும் செய்திகள். வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணைப் பூட்டுத் திறவாமலே வாசிக்கலாமெனின், பூட்டினாற் பயன் யாது? அறிவிப்புகளின் உள்ளடக்கம் மறையுமாறு அமைத்தல் வேண்டும். சிம் அட்டையைக் கழற்றி வேறு கருவியில் இட்டால் குறுஞ்செய்திகள் அங்கே செல்லுமாதலின், அதற்கும் தனியே இரகசிய எண் இடுதல் நன்று.

மூன்றாவதே பலர் அறியாதது. திறந்த கருவி சில நொடிகள் பிறர் கையில் இருப்பின், நம் வட்ஸ்அப் கணக்கை அவர் தம் கணினியோடு இணைத்துவிடலாம். 2021இல் வந்த மாற்றத்தின் பின், நம் கருவி அணைந்திருப்பினும் அங்கே செய்திகள் சென்றுகொண்டிருக்கும். ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்னும் பட்டியலை இடையிடையே நோக்கி, அறியாததை நீக்குக. கூகிள் கணக்கிலும் இத்தகைய பட்டியல் உண்டு. ஆனால், வீட்டிலே ஒருவரது கொடுமைக்கு அஞ்சி வாழ்வோர் இணைப்பைச் சடுதியாக அறுப்பின், அது அவர் சினத்தைக் கிளறலாம். அத்தகையோர் முதலில் வேறொரு தொலைபேசி மூலம் நம்பத்தக்கவரிடம் ஆலோசனை பெறுதலே பாதுகாப்பு.

நம் நாட்டின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றிப் பிறர் கணினியுள் அறிந்தே புகுதலைக் குற்றமாக்குகின்றது. தகவலைக் கையாளும் மின்னணுக் கருவிகளையும் அது கணினி என்றே கொள்கின்றது.

பூட்டுதல் அன்பின்மையன்று. பிறர் கடிதத்தைப் பிரித்து வாசித்தல் பண்பன்று என்பது பள்ளியிலே கற்ற பாடம். கடிதத்துக்குரிய அந்நெறி கைத்தொலைபேசிக்கும் உரியதென நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக. அவர்தம் கருவியைக் கையிலெடுக்குமுன் நாமும் அவர்களைக் கேட்போமாக.