கல்லாத வைத்தியரும் கவுஞ்சிப் பூண்டும்

கொடைக்கானல் மேல்மலையில் கவுஞ்சி என்றோர் ஊர் உண்டு. அம்மலையூர்களில் விளையும் பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பாலில் வேகவைத்தோ, ரசத்தில் தட்டிப்போட்டோ பூண்டை மருந்தாக உண்ணாத வீடு நம்மிடையே அரிது. (பச்சையாகத் தின்றுவிட்டுப் பள்ளிவாசலுக்கு வரலாகாது என்பதும் நபிகளார் கற்பித்த ஒழுங்கே!)

ஆனால், பூண்டின் குணமறிந்தவரெல்லாம் மருத்துவராகிவிடுவாரா? நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். மருத்துவம் கல்லாதவர் சிகிச்சை செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்று எச்சரித்ததையோ மறந்துவிடுகிறோம். அபூதாவூத் தொகுப்பில் அது பதிவாகியுள்ளது. யாரோ தந்த சூரணத்தை நம்பிச் சர்க்கரை நோய்க்கான ஊசியை நிறுத்திவிடும் பெரியவர்கள் நம் வீடுகளில் இல்லையா?

முன்னோர் கல்விக்கு எல்லை வகுக்கவில்லை. அப்பாஸியக் கலீஃபாக்கள் இந்திய மருத்துவர்களைப் பாக்தாதுக்கு வரவழைத்தார்கள். சுசுருதரின் நூல் அரபியில் பெயர்க்கப்பட்டது. இப்னு சீனாவின் 'அல்கானூன்' 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குச் சென்று, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் சில நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கிற்று. நம் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம் யூனானியைப் பட்டப்படிப்பாக்கியது.

அவ்வளவு தொலைவு போவானேன்? சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி 1979 முதல் நடைபெறுகிறது. நான்கரை ஆண்டுப் பாடம். அதன்மேல் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. பிறகுதான் பிறர் நாடியைத் தொட உரிமை.