முதல் மனை வாங்கும் தலித்துகள்: யாரை நம்புவது, யாருக்குக் கட்டணம் கொடுப்பது?

கடலூர் நகரம் விரிய விரிய, திருப்பாதிரிப்புலியூரைச் சூழ்ந்த வயல்கள் மனைப்பிரிவுகளாக மாறிவருகின்றன. அரசுப் பணியாலும் வெளிநாட்டு உழைப்பாலும் சிறுதொகை சேர்த்த தலித் குடும்பங்களும் இம்மனைகளை நாடுகின்றன. வாடகை வருமானத்துக்காகவோ, பிள்ளைகளின் படிப்புக்குப் பின்னாளில் விற்பதற்காகவோ ஒரு மனையை வாங்கிப் போடுவது அவர்களுக்கு வெறும் முதலீடு அன்று. பல குடும்பங்களில் தம் பெயரில் எழுதப்படும் முதல் நிலமே அதுதான்.

தலைமுறைகளாக நிலத்தைக் கைமாற்றிவந்த சாதியினரின் வீட்டில், பத்திரம் படிக்கத் தெரிந்த ஒருவரும் வட்டாட்சியர் அலுவலகத்தில் அறிமுகமும் பெரும்பாலும் இருப்பதுண்டு. முதல் தலைமுறையாக வாங்குவோர் அந்த அறிவைக் கட்டணம் கொடுத்தே பெறவேண்டியிருக்கிறது. அச்செலவைத் தவிர்ப்பதே பின்னர் பேரிழப்பாகிறது.

யார் யாருக்காக உழைக்கிறார்?

விற்பனை முடிந்தால்தான் தரகருக்குத் தரகு. எனவே குறையைச் சொல்லி விற்பனையை நிறுத்துவது அவருக்கு நட்டம். 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட மனைப்பிரிவுகளில் விற்பனைக்கு இடைநிற்கும் தரகரும் ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்பதிவு எண்ணைக் கேட்பது நம் உரிமை. ஆவண எழுத்தர் இரு தரப்பும் சொல்வதை முறைப்படி எழுதுபவர். உரிமையை ஆராய்வது அவர் பணியன்று. வங்கி நியமிக்கும் வழக்கறிஞர் வங்கியின் கடனுக்குப் பாதுகாப்புத் தேடுபவர்.

வாங்குபவருக்காக மட்டும் உழைப்பவர், அவரே கட்டணம் கொடுத்து அமர்த்தும் வழக்கறிஞர்தான். அவர் தரகரோ விற்பவரோ காட்டியவராக இருத்தல் கூடாது. கட்டணத்தை முன்பே பேசி, கருத்துரையை எழுத்தில் பெறவேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே இது முடிந்திருக்க வேண்டும்.

அளவையரின் துணையும் தேவை. பட்டாவில் உள்ள பரப்பும் தரையில் உள்ள பரப்பும் ஒன்றா என்பதைப் புலப்படத்தோடு ஒப்பிட்டே அறியமுடியும். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையின் நீர் தென்பெண்ணையில் பெருகிவந்தபோது கடலூர்ப் பகுதிகள் மூழ்கின. கோடையில் காய்ந்து கிடக்கும் மனையைக் கண்டு முடிவெடுக்காமல், தரைமட்டத்தைப் பொறியாளரிடம் காட்டிக் கேட்பது நன்று.

வில்லங்கச் சான்று சொல்லாதவை

வில்லங்கச் சான்றில் பதிவுபெற்ற ஆவணங்கள் மட்டுமே தெரியும். அரசு எந்த நிபந்தனையோடு நிலத்தை ஒப்படைத்தது என்பது வருவாய்த்துறைப் பதிவேடுகளில் இருக்கும். பஞ்சமி நிலம் மறைவது இந்த இடைவெளியில்தான்.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. முதல் பத்து ஆண்டுகள் அந்நிலத்தை யாருக்கும் விற்கக் கூடாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. மீறிய விற்பனை செல்லாது. அரசு நிலத்தை மீட்கலாம். அந்த உரிமைக்காக, 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரும் காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தனர்.

"நானும் பட்டியல் சாதியினன்தானே, வாங்கினால் என்ன?" என்று சிலர் கருதலாம். இடையில் ஒருமுறை பிற வகுப்பினருக்குக் கைமாறியிருந்தாலே உரிமைச் சங்கிலி அறுந்துவிடுகிறது. பறிக்கப்பட்ட நிலத்தை மனையாக்கி, அதே மக்களிடம் விற்றுவிட்டு விற்பவர் விலகிக்கொள்வார், இழப்பு வாங்கியவருடையது. ஆகவே இன்றைய பட்டாவோடு நில்லாமல், 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேடுகளையும் 'அ' பதிவேட்டின் குறிப்புப் பத்தியையும் பார்க்குமாறு வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும்.

பாடலீஸ்வரர் கோயில் உள்ள இவ்வூரில் கோயில் நிலமா என்ற கேள்வியும் தேவை. 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி, உரிய அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்பது செல்லாது.

கட்டணமில்லா உதவி

கட்டணம் கொடுக்க இயலாதோருக்கும் வழி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியை அளிக்கிறது. வழக்கு நடத்துவது மட்டுமன்று, சட்ட ஆலோசனை தருவதும் அச்சட்டம் கூறும் சேவையே. கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

வாங்கிய நிலத்தைப் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத எவரேனும் ஆக்கிரமித்தால் அது எல்லைத் தகராறு மட்டுமன்று. பட்டியல் சாதியினரின் நிலத்தை முறைகேடாகக் கைப்பற்றுவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

நிலம் நமக்கு மறுக்கப்பட்டபோது, அதைப் பற்றிய ஆவண அறிவும் சேர்த்தே மறுக்கப்பட்டது. அந்த அறிவுக்குக் கொடுக்கும் கட்டணத்தை நிலத்தின் விலையில் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.